எலிக்கூடம் இல்லாத கரையில்: இரத்தக் குருத்தணு ஆய்வாளர் ஒருவரின் ஐந்து ஆண்டுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் 2018 முதல் 2023 வரை ஓர் ஆய்வாளர் எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரையும் கல்லூரியையும் தவிர்த்திருக்கிறேன். அவரிடம் ஆய்வு செய்த மாணவியின் ஆலோசனைக் குழுவில் நான் இருந்ததால் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்தேன்.

பெரிய ஆய்வகங்களில் பயிற்சி பெற்றுச் சிறிய கல்லூரிகளுக்குத் திரும்புகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்களில் பலர், கையில் இருக்கும் கருவிக்கு ஏற்ற கேள்வியைத் தேடிக்கொண்டு, தாம் கற்ற கேள்வியைக் கைவிட்டுவிடுகிறார்கள். இவர் கேள்வியை வைத்துக்கொண்டு உயிரியை மாற்றினார்.

பின்னணி

பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு மீனவ ஊர் அவருடையது. தந்தை விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். விலங்கியலில் முதுகலை முடித்து, வட மாநிலம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்று, வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு செய்தார். எல்லாமே எலியின் எலும்பு மஜ்ஜையைப் பற்றியவை.

வளர்ந்த மனித உடல் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இதற்கு மேல். இத்தனைக்கும் மூலம் மஜ்ஜையில் அரிதாக இருக்கும் இரத்தக் குருத்தணுக்கள். பத்தாயிரம் மஜ்ஜை செல்களில் ஒன்று தேறினாலே அதிகம். டொரான்டோவில் டில், மெக்கல்லாக் என்ற இருவர் 1961இல், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து பெருகியது என்று 1963இல் அவர்கள் குழு காட்டியது. இந்தத் துறையே அங்கிருந்துதான் கிளைத்தது. ஆனால் அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை உண்மையான குருத்தணுக்களிலிருந்து வந்தவை அல்ல, அவற்றுக்கு ஓரிரு படி கீழே உள்ள, விரைவில் தீர்ந்துபோகும் செல்களிலிருந்து வந்தவை என்பது பின்னர் தெரிந்தது. 1988இல் ஸ்டான்ஃபோர்டின் வைஸ்மன் குழு மேற்பரப்புப் புரத அடையாளங்களைக் கொண்டு எலியின் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தது. அதன் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. அடையாளம் இருப்பதாலேயே ஒரு செல் அந்த வேலையைச் செய்துவிடுமா?

நம் ஆய்வாளரின் முனைவர் பட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் நின்றது. முதிய எலிகளில் குருத்தணு அடையாளம் தாங்கிய செல்கள் இளம் எலிகளில் இருப்பதைவிட அதிகம்; ஆனால் ஒவ்வொரு செல்லாக எடுத்துப் பார்த்தால் இரத்தத்தை மீட்டுருவாக்கும் திறன் குறைவு. எனவே எண்ணிப் பார்த்தால் போதாது. வேறு எலிக்குள் செலுத்தி, குறைந்தது 16 வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும். அப்போதும் எல்லா வெள்ளணுக்களும் சாட்சி ஆகா. டி செல்களும் பி செல்களும் நீண்டகாலம் உயிரோடு இருக்கக்கூடியவை. என்றோ பிறந்தவை இன்றும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நியூட்ரோஃபில் போன்றவை சில நாட்களுக்கு மேல் தாங்கா. 16 வாரம் கழித்தும் தானம் தந்த எலியின் நியூட்ரோஃபில் கிடைத்தால்தான், எங்கோ ஒரு குருத்தணு இன்னும் உழைக்கிறது என்று சொல்லலாம். அதற்கும் மேல், அந்த எலியின் மஜ்ஜையை மூன்றாவது எலிக்கு மாற்றி மறுபடியும் காத்திருப்பார்கள். இந்தப் பொறுமையில்தான் அவர் வளர்ந்தார். பின்னால் நடந்தவை இதை வைத்தே விளங்கும்.

திரும்பி வந்தபோது இருந்த நிலை

தாயின் உடல்நலம் கருதி 2018இல் ஊர் திரும்பினார். மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. அங்கே எலிக்கூடம் இல்லை, கதிர்வீச்சுக் கருவி இல்லை, செல்களைப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லை. இருந்தவை ஒரு பழைய ஒளிர்வு நுண்ணோக்கி, டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் ஒரு பி.சி.ஆர். கருவி, கடல்.

அவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. பெருநகர ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து தொலைவிலிருந்து தரவுகளை அலசுவது. துறையையே மாற்றி மீன்வளம் பக்கம் போவது. இரத்தம் உருவாகும் வேறு உயிரியைத் தேடுவது. முதல் வழியை நானே பரிந்துரைத்தேன். இன்றும் அது மோசமான யோசனை என்று நினைக்கவில்லை. அவர் மறுத்ததற்குச் சொன்ன காரணம், மாணவர்கள் கையால் ஒரு சோதனை செய்து பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுவார்கள் என்பது.

2018 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை மூன்றாவது வழியைத் திறந்தது. பொட்ரில்லஸ் என்பது பாறையிலும் கயிற்றிலும் மெத்தைபோல் படரும் ஒரு கடல் உயிரி. தொட்டால் நீரைப் பீச்சும் கூட்டத்தைச் சேர்ந்தது. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு, இன்று உயிரோடு இருப்பவற்றில், இந்தக் கூட்டமே. குஞ்சுப் பருவத்தில் தலைப்பிரட்டைபோல் நீந்தி, பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, மொட்டு விட்டு மொட்டு விட்டுத் திட்டாகப் பெருகும். ஒரு திட்டில் உள்ள எல்லாச் சிற்றுயிர்களுக்கும் இரத்தக் குழாய் பொது. பாலூட்டிகளின் குருத்தணுக்களை ஒத்த செல்கள் இதில் இருப்பதையும், நீரை வடிகட்டி உணவு பிடிக்கும் கூடை போன்ற உறுப்பின் அடியில் ஓடும் எண்டோஸ்டைல் என்னும் பள்ளத்தில் அவை தங்குவதையும் அந்தக் கட்டுரை காட்டியது.

இதே குடும்பத்து உயிரிகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

உயிரியைத் தேடியது

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்கள் இந்தத் திட்டுகளை நன்றாக அறிவார்கள்; அவர்களுக்கு இது தொல்லை. “இது ஒட்டினால் பாசி வளராது டீச்சர். கயிற்றைச் சுரண்டியே எங்கள் பாதி நேரம் போகிறது” என்று ஒரு பெண் சொன்னார். சுரண்டி எறிவதை எடுத்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்டபோது, கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்கள்.

இங்கே எடுத்த முடிவு முக்கியமானது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே எதை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிக்காக விண்ணப்பித்துக் காத்திருப்பதைவிட, மிதவைக் கயிற்றிலும் படகின் அடிப்பக்கத்திலும் கிடைப்பதைக் கொண்டே தொடங்குவது என்று தீர்மானித்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். தந்தையின் தொழில் வழியே சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) பலரைத் தெரியும் என்பதால், படகு கரையேறும் அன்றே போன் வந்துவிடும். உயிரி வெயிலில் காய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். மாணவர்களுக்கு அதுவே முதல் களப்பயிற்சி ஆனது.

நாள் கணக்கு ஒரு சிக்கலாக வந்தது. குளிர்ந்த கடல்களில் செய்த ஆய்வுகளில் ஒரு மொட்டுச் சுழற்சிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் என்று இருக்கும். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் முதிர்ந்த சிற்றுயிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இறந்து கரைய, மொட்டுகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். அந்த ஆய்வுகளின் நீர் வெப்பம் 18 டிகிரி வாக்கில் இருந்தது. இங்கே 28, 30. எனவே நாளை எண்ணாமல் சுழற்சியை எண்ணுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார். அவருடைய குறிப்பேடுகளில் தேதிக்குப் பக்கத்தில் சுழற்சி எண் இருக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பிற்பாடு மின்தடை, வெப்ப அலை என்று தொட்டியின் வெப்பம் மாறியபோதெல்லாம் தரவு தப்பியது இதனால்தான்.

முதல் முடிவு, 2019

சோதனை இதுதான். ஒரு திட்டிலிருந்து நுண்கண்ணாடி ஊசியால் இரத்தம் எடுத்து, செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, இன்னொரு திட்டின் குழாயில் செலுத்துவது. பல சுழற்சிகள் கழித்து, செலுத்திய செல்கள் அங்கே தங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது. எலி மாற்றுச் சோதனையின் கடல் வடிவம் என்று சொல்லலாம்.

ஒளி தெரிந்தது. சுழற்சிகள் பல கடந்தும் எண்டோஸ்டைல் ஓரம் பச்சைப் புள்ளிகள் இருந்தன. மாணவர்கள் கொண்டாடினார்கள். கல்லூரி நிர்வாகம் செய்தியாளர்களை அழைக்கலாம் என்றது.

அவர் மறுத்தார். அவருடைய சந்தேகத்துக்கு இரண்டு காரணங்கள். ஒட்டுச் சாயம் செல் பிளக்கும்போதெல்லாம் பாதியாகும். உண்மையிலேயே உழைத்துப் பெருகும் குருத்தணு என்றால், இத்தனை சுழற்சிக்குப் பிறகு சாயம் வெளுத்திருக்க வேண்டும். பளிச்சென்று ஒளிர்வது, பிளவுபடாத செல்லையோ வேறெதையோ காட்டுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு சுழற்சி முடிவிலும் இறந்த உடல்களைத் தின்று துப்புரவாக்கும் விழுங்கணுக்கள் இந்த உயிரியில் ஏராளம். சாயம் ஏற்றிய செல் செத்திருந்தால், அதைத் தின்ற விழுங்கணுவும் ஒளிரும்.

சோதித்துப் பார்க்க அதிகச் செலவு ஆகவில்லை. சாயம் ஏற்றிய செல்களைச் சூடாக்கிக் கொன்று, செத்த செல்களையே செலுத்தினார்கள். அந்தத் திட்டுகளிலும் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

ஆலோசனைக் குழுவில் இதைப் பார்த்த ஒருவர், உயிருள்ள செல் செலுத்திய திட்டுகளில் புள்ளிகள் கூடுதல்தானே, அந்த வேறுபாட்டையே எழுதலாமே என்றார். எழுதியிருந்தால் ஏதோ ஓர் இதழ் ஏற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் உயிரோடு செலுத்திய செல்களிலும் எத்தனை பிறகு செத்தன என்று யாருக்கும் தெரியாதபோது, அந்த வேறுபாட்டுக்கு என்ன பொருள்? சாயத்தை முற்றிலும் கைவிட்டு, மரபணு அடையாளத்துக்கு மாறுவது என்று 2020 ஜனவரியில் முடிவானது. மாணவியின் பட்டம் குறைந்தது ஓராண்டு தள்ளிப்போகும் என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே இந்த முடிவு எடுக்கப்பட்டது.

ஊரடங்கும் மழையும், 2020

மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி பூட்டப்பட்டது; தொட்டிகளுக்குக் கடல்நீர் மாற்ற ஆள் இல்லை. கண்ணாடிச் சில்லுகளில் வளர்ந்த திட்டுகளை எடுத்துக் கயிற்றில் கோத்து, பாசி மிதவைகளின் அடியில் தொங்கவிட்டார்கள். பாசி வளர்ப்புப் பெண்கள் தம் வேலையோடு வேலையாக அவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். கணிசமானவை பிழைத்தன.

டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து இராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று கொட்டியது. மேல்மட்ட நீரின் உப்பு சரிந்தது. ஆழமில்லாத இடத்தில் தொங்கிய கயிறுகளில் இருந்தவை அநேகமாக எல்லாம் செத்தன. இரண்டாண்டு சேகரிப்பின் பெரும்பகுதி அப்படிப் போயிற்று. வாடைக்காலத்தில் மிதவையைக் கரையேற்றிவிடுவது அந்தப் பெண்களின் வழக்கம். அவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். சில கயிறுகள் ஆழத்துக்கு இறக்கப்பட்டதும் அவர்கள் சொல்லித்தான்.

அடையாளத்துக்கான தேடல், 2021

இந்தக் குடும்பத்து உயிரிகளில் இரண்டு திட்டுகள் அருகருகே வளர்ந்து தொட்டுக்கொண்டால், ஒன்று இணைந்து இரத்தம் கலக்கும், அல்லது எல்லையில் கருகி விலகும். இதை ஒரே மரபணு இடம் தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓகாவும் வாட்டனபேயும் 1957இலேயே கண்டார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு திட்டுக்கும் உள்ள இரண்டு வடிவங்களில் ஒன்று பொதுவாக இருந்தால் போதும், இணையும். மனிதர்களின் மஜ்ஜை மாற்றில் எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளங்களின் பொருத்தம் பார்ப்பதற்குக் கடலிலுள்ள உறவுமுறை இது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. தென்கடல் (மன்னார் வளைகுடா) திட்டையும் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) திட்டையும் சேர்த்து வைத்தால் டி.என்.ஏ.வை எளிதில் பிரித்தறியலாம். ஆனால் அவை பெரும்பாலும் விலகிக்கொண்டன. ஒரே கயிற்றில் எடுத்தவை இணைந்தன. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. வரிசை ஒன்றாகவே இருந்தது. அவை ஒரு தாய் வயிற்றுக் குஞ்சுகளாக இருந்திருக்க வேண்டும்; மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவது. வேறுபட்டவை சேரவில்லை, சேர்ந்தவை வேறுபடவில்லை.

விடை உட்கருவில் இருந்தது. இணைவுக்கு ஓரிடத்தில் பொதுமை போதும் என்றால், மற்ற இடங்களில் தந்தைவழி வேறுபாடுகள் இருந்தே தீரும். ஒரே சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட் பகுதிகளைக் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம். மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவரின் இரத்தத்தில் தானம் தந்தவரின் பங்கு எவ்வளவு என்று மருத்துவமனைகள் பார்ப்பதும் இதே வழியில்தான். இந்த உள்ளூர் இனத்துக்கு அத்தகைய பகுதிகள் யாரும் வகுத்து வைத்திருக்கவில்லை. பழைய ஆய்வகத் தோழி ஒருவர் வரிசையாக்கம் செய்து உதவினார். பயன்படும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பதிலேயே அந்த ஆண்டு கழிந்தது. திட்ட அறிக்கையில் காட்ட முடிவு எதுவும் இல்லை. நிதி வழங்கும் அமைப்பின் ஆய்வுக் கூட்டத்தில் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நீண்ட சோதனை, 2022

இணைந்த ஜோடிகளைச் சில காலம் கலக்க விட்டு, இடையிலுள்ள குழாயைக் கத்தியால் வெட்டிப் பிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றிலும் துணையின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்தார்கள். எத்தனை சுழற்சி தாண்டினால் ‘நீடித்தது’ என்று கொள்வது என்பதை முதல் ஜோடியை வெட்டும் முன்பே எழுதி, ஆலோசனைக் குழுவில் கையொப்பம் வாங்கினார். 12 சுழற்சி. பிறகு அதைத் தளர்த்தும்படி இருமுறை அவரிடம் சொல்லப்பட்டது, தளர்த்தவில்லை.

பெரும்பாலான ஜோடிகளில் துணையின் தடயம் முதல் சில சுழற்சிகளிலேயே மறைந்தது. சிலவற்றில் மட்டும் 12ஐத் தாண்டியும் இருந்தது. அத்தனை முறை உடல் முழுதும் இறந்து புதிதான பிறகும் இருந்ததென்றால், தன்னைத் தானே புதுப்பிக்கும் ஏதோ ஒரு செல் குடியேறியிருக்கிறது.

அது இரத்தக் குருத்தணுவா? இங்கேதான் கையில் கருவி இல்லாததன் விலை தெரிந்தது. இந்த உயிரிகளில் விந்து, முட்டை உண்டாக்கும் குருத்தணுக்களும் இரத்தத்தோடு சுற்றி, துணைத் திட்டில் குடியேறும் என்பது முன்பே அறியப்பட்டது. செல்களைப் பிரிக்காமல், நீடித்தது எது என்று சொல்ல வழியில்லை. மதுரைக்கு பஸ்ஸில் மாதிரிகளைக் கொண்டுபோய் அங்குள்ள ஒரு சைட்டோமீட்டரில் பார்க்க முயன்றார்கள். போய்ச் சேரும்போது செல்கள் பெரும்பாலும் சிதைந்திருந்தன.

விளைவு

2023இல் கட்டுரை வெளியானது. தலைப்பில் ‘குருத்தணு’ என்ற சொல் இல்லை. ‘நீடித்த கலப்பு’ என்றே இருந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்திருந்தால் இன்னும் பெயர்பெற்ற இதழுக்குப் போயிருக்கலாம் என்று அவருடைய நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். செத்த செல் சோதனையை அவர் கட்டுரையிலேயே விரிவாகத் தந்தார். அந்தக் கட்டுரையில் பிறருக்கு அதிகம் பயன்படப்போவது அந்தப் பகுதிதான் என்பது என் கருத்து.

அடுத்த திட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மனித நோய்க்கு நேரடித் தொடர்பில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மாணவி பட்டம் பெற்று, மஜ்ஜை மாற்று நோயாளிகளின் கலப்பு அளவைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். நேர்காணலில் மைக்ரோசாட்டிலைட் பற்றிக் கேட்டதற்கு, மிதவைக் கயிற்றிலிருந்து தொடங்கிப் பதில் சொன்னாராம்.

மறுபடி செய்தால் மாற வேண்டியவை

செத்த செல்களைச் செலுத்தும் சோதனை முதல் நாளே நடந்திருக்க வேண்டும். விழுங்கணுக்கள் நிறைந்த உயிரியில் சாயத்தைக் கொண்டு எதையும் தொடங்குகிறவர்கள், உயிருள்ள செல்லைத் தொடும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. ஓராண்டு மிஞ்சும்.

சேகரிப்பை ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது. தென்கடலும் வடகடலும் ஒரே பருவத்தில் ஒருபோல் கொந்தளிப்பதில்லை. வாடைக்காலத்தில் அடி வாங்குவது வடகடல். இரு பக்கமும் பாதிப்பாதியாக வைத்திருந்தால் 2020 டிசம்பரின் இழப்பு குறைந்திருக்கலாம்.

பாசி வளர்க்கும் பெண்களுக்கு எந்த மாதத்தில் எந்த நிறத் திட்டு வரும், எது கயிற்றை விட்டுத் தானே உதிரும் என்பதெல்லாம் தெரியும். அதை முறையாகக் கேட்டு எழுதியது மூன்றாம் ஆண்டில்தான். அவர்கள் உழைப்புக்குத் திட்டச் செலவில் இடமும் இல்லை. ஊரடங்குக் கால உதவிக்கு ஆய்வாளர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். விண்ணப்பத்திலேயே தினக்கூலியாக ஒரு தொகை காட்டியிருக்கலாம். மதிப்பீட்டாளர்கள் அதை வெட்டுவார்கள் என்று பயந்து காட்டவில்லை. வெட்டியிருக்கவும் கூடும், ஆனாலும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நிதி அமைப்புகள் வைக்கும் மூன்றாண்டுத் திட்டக் காலத்தைப் பற்றி ஆய்வாளரால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. புதிய உயிரி ஒன்றைக் கொண்டு இப்படிப்பட்ட கேள்வியைத் தொடுகிறவர்கள், அடையாளம் வகுக்கும் பணியைத் தனித் திட்டமாக, தனி முடிவோடு முன்வைப்பது இப்போதைக்கு நடைமுறையில் உள்ள ஒரே வழி. 2021இல் அவர் கூட்டத்தில் கையை விரித்து நிற்க நேர்ந்தது, அந்த ஆண்டின் வேலைக்குப் பெயர் வைக்காததால்தான்.

செல்களைக் கரையிலேயே நிலைப்படுத்தி அனுப்பும் முறையை இப்போது இரு மாணவர்கள் சோதித்து வருகிறார்கள். 12 சுழற்சி தாண்டிய ஜோடிகளில் சிலவற்றின் வழித்தோன்றல்கள் தொட்டியில் உயிரோடு இருக்கின்றன. அந்த முறை கைகூடினால், மதுரைக்கு முதலில் போகப்போகும் மாதிரிகள் அவற்றிலிருந்து எடுத்தவை.